வானொலியில் வாசித்த பெயர்

லீட்டியா கடைக்குத் தர வேண்டியிருந்தது இருநூற்று எண்பத்தாறு டாலர் நாற்பது சென்ட். வடதுருவத்தை ஒட்டிய அந்த ஊரில் இருப்பதே ஒரு கடைதான். பாக்கி வைத்தவர்களின் பெயரைச் செவ்வாய்தோறும் கடைக்காரி சைலா ஊர் வானொலியில் வாசிப்பாள். தொகையைச் சொல்ல மாட்டாள். பெயர் போதும், ஊர் சிரிக்க.

லீட்டியா தண்ணீர் லாரி ஓட்டுகிறவள். வீடு வீடாகக் குழாயை இழுத்துப்போய்த் தொட்டியை நிரப்ப வேண்டும். நவம்பரில் போன சூரியன் இன்னும் திரும்பவில்லை. நண்பகலில் கடல்பனியின் ஓரம் கொஞ்சம் நீலமாகும், பிறகு அதுவும் அணைந்துவிடும். லாரி வெளிச்சத்தில் பனித்தூள் விழாமல் மிதந்துகொண்டே இருக்கும். வண்டி நகர்கிறதா, ஊர் நகர்கிறதா என்றே தெரியாது. இதில் கிழமை எங்கே தெரியப்போகிறது?

இடது மார்பில் ஒரு கட்டி, பட்டாணி அளவு. சுகாதார நிலையத்தில் வேலை செய்யும் ஊலுட்டியிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"பெரிய ஊர்ல படம் எடுத்துப் பாக்கணும் அக்கா. ஆறாறு பேரா அனுப்பறோம். இடம் கிடைச்சதும் வானொலியில பேரு சொல்றேன், ஓடி வந்துடுங்க."

ஒரு காலையில் லாரி வானொலியில் அவள் பெயர் வந்தது. செவ்வாய்தான் போலிருக்கிறது என்று நினைத்தாள். வாசிப்பது யார் குரல் என்று கவனிக்கும் முன்பே கை பொத்தானை அமுக்கிவிட்டது. அப்புறம் அதைத் திறக்கவே இல்லை.

நண்பகலில் ஊலுட்டி லாரிக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"காது அடைச்சுப்போச்சா அக்கா? மூணு தடவை வாசிச்சேன்."

"சம்பளம் வந்ததும் கட்டிடறேன்னு சைலாகிட்ட சொல்லு."

"எதைக் கட்டப்போறீங்க? இன்னிக்கு வியாழன். வானம் தெளிஞ்சிருக்குன்னு விமானம் இப்பவே கிளம்புது. அஞ்சு பேரு ஏறியாச்சு. நீங்க வரலைன்னா அடுத்தது ஏப்ரல்ல."

"ஒரு தொட்டி பாதியில நிக்குது."

"யாரு வீடு?"

"உன் வீடுதான்."

"நான் குளிக்காம நாறிட்டுப் போறேன். கிளம்புங்க."

விமானத்தில் காலியாக இருந்த ஒரே இருக்கை சைலாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

"இந்தத் தடவை நான் வாசிக்கலடி," என்றாள் சைலா. பிறகு மெல்ல, "எனக்கும் படம் எடுக்கணுமாம். பயமா இருக்கு."

விமானம் உயரே ஏறியபோது, ஊர் இன்னும் காணாத சூரியன் அங்கே இருந்தது. ஆறு முகங்களும் செம்பு நிறமாயின.

படம் எடுத்துப் பார்த்ததில் சைலாவுக்கு ஒன்றுமில்லை. லீட்டியாவுக்குப் புற்றுநோய்தான், ஆனால் சின்னதாக இருக்கும்போதே அகப்பட்டுவிட்டது. தெற்கே போய் அறுவை செய்துகொள்ள வேண்டும்.

ஊருக்குத் திரும்பியவள், தெற்கே புறப்படும் முன் சம்பளத்தோடு கடைக்குப் போனாள்.

"எடுத்துக்க. கடனோட போகமாட்டேன்."

சைலா மூக்கைச் சுருக்கினாள். அந்த ஊரில் அதற்கு முடியாது என்று பொருள். "திரும்பி வந்து கட்டு."

"வரலைன்னா?"

"கட்டறவரைக்கும் வாசிப்பேன். மானம் போகுதுன்னாவது வருவேல்ல?"

சொன்னபடி வாசித்தாள். தெற்கே ஆஸ்பத்திரிப் படுக்கையில் லீட்டியா மருந்து மயக்கத்தில் கிடப்பாள். செவ்வாய்தோறும் ஊலுட்டி தொலைபேசியை வானொலிக்குப் பக்கத்தில் பிடிப்பாள். மற்றப் பெயர்களெல்லாம் போனபின் கடைசியாக அவள் பெயர் வரும். பனிக்கு அப்பாலிருந்து யாரோ வாசலில் நின்று கூப்பிடுவதுபோல இருக்கும். கண்ணைத் திறக்காமலே 'வரேன்' என்பாள்.

சூரியன் மறையாத மே மாதத்தில் வந்து இறங்கினாள். பாதி முடி போய், மெலிந்து, பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே கடைக்கு நடந்தாள். நோட்டுகளைப் பலகைமேல் வைத்தாள்.

சைலா இரண்டு முறை எண்ணினாள். "நாப்பது சென்ட் குறையுது."

"கொஞ்சமாவது இரக்கம் இருக்கா உனக்கு?" லீட்டியா பையைத் துழாவி மூன்று நாணயங்களை எடுத்து வைத்தாள்.

சைலா அவற்றையும் எண்ணிப் பார்த்தாள். பிறகு கணக்கு நோட்டைத் திருப்பி, லீட்டியாவின் பெயரை நிதானமாக, கோடு கோணாமல் அடித்தாள்.