முக்காலியில் ஏறிய இன்ஜின்

டணார், டணார், டணார் என்று மூன்று இரும்புக் குழாய்கள் வாசலில் விழுந்த சத்தத்தில், பக்கத்து வீட்டு மணிமேகலையக்கா தோசைக் கரண்டியும் கையுமாகச் சுவரோரம் ஓடிவந்தார்.

"என்ன சுடரு, போர்ல மோட்டார் மாட்டிக்கிருச்சா?"

அக்காவைக் குறை சொல்ல முடியாது. அன்னவாசலில் வீரய்யாவின் லோடு ஆட்டோ ஒரு வீட்டு முன்னால் நின்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். போர் போட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் சிக்கிய நீர்மூழ்கி மோட்டாரை மேலே இழுத்துக் கொடுப்பது அவன் தொழில். மூன்று குழாய்களைக் கூம்பாக நிறுத்தி, உச்சியில் பாரம் தூக்கும் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டால் அது முக்காலி. அந்த முக்காலியை நட்டுவிட்டால், எத்தனை அடியில் கிடந்தாலும் மோட்டார் மேலே வந்துதான் ஆகவேண்டும்.

"மோட்டார் இல்லக்கா. கார் இன்ஜினைத் தூக்கப் போறோம்" என்றாள் சுடர்விழி.

அக்காவுக்கு ஏமாற்றம். தங்கள் வீட்டு போரிலும் கொஞ்ச நாளாகத் தண்ணீர் விக்கி விக்கித்தான் வருகிறது, வந்தது வந்துவிட்டீர்கள், அதையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போகக் கூடாதா என்று வீரய்யாவிடம் மனுப் போட்டார். அடுப்பில் தோசை கருகும் வாடை வந்தது. அக்கா அசையவில்லை. கார் இன்ஜினைத் தூக்குவதை விட்டுவிட்டுத் தோசையைப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

கார் கொல்லையில் நின்றது. பழைய வெள்ளி நிற ஹேட்ச்பேக். பின் சீட் கிடையாது. கதவில் இருபத்தேழு என்று பெரிய எண். சுடர்விழி விராலிமலையில் ஒரு தொழிற்சாலையின் தரப் பிரிவில் வேலை பார்க்கிறாள். வாரம் முழுக்க இரும்புச் சாமான்களை மைக்ரோமீட்டரால் அளப்பாள். சில மாதங்களுக்கு ஒரு முறை இந்தக் காரை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பந்தயத் தடத்துக்குப் போய்விடுவாள். டிராக் டே என்று அதற்குப் பெயர். போட்டி இல்லை, பரிசும் இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, சொந்த வண்டியை, போலீஸ் பயமில்லாமல் முடிந்த மட்டும் விரட்டலாம். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்காக மீதி நாளெல்லாம் வேலைக்குப் போகலாம் என்பது அவள் கட்சி.

அவள் கணவன் நிலவழகன் கணக்கு வாத்தியார். ஒவ்வொரு முறையும் கூடவே வருவான். ஆனால் வண்டி ஓடுவதைப் பார்க்க மாட்டான். கேன்டீனில் தடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு விடைத்தாள் திருத்துவான். எல்லா வண்டியும் ஒரே மாதிரிதானே கத்துகிறது, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்பான். சுடர்விழிக்கு அதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு, வெளியே காட்டிக்கொண்டதில்லை. தடத்தில் நடந்த எதையும் அவனிடம் சொன்னதும் இல்லை.

போன மாதம் நேர்ப்பாதையில் முழு வேகத்தில் போகும்போது, காலுக்கடியில் யாரோ சுத்தியலால் அடித்ததுபோல் ஒரு சத்தம். அப்புறம் வெள்ளைப் புகை. தடமெல்லாம் ஆயில். வண்டியை ஓரம் கட்டி அவள் இறங்கியபோது, நிலவழகன் ஒரு காலில் செருப்பும் மறு கால் வெறுங்காலுமாக ஓடி வந்துகொண்டிருந்தான். கையில் சிவப்புப் பேனா.

காரை ஏற்றிய லாரியில் மணப்பாறை தாண்டும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் அவளாகத்தான் வாயைக் கொடுத்தாள். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி உடைந்தது கண்ணுக்கே தெரிகிறது, அதை மாற்றிவிடலாம். பிஸ்டன்கள் ஓடும் பெரிய உடம்பு இருக்கிறதே, பிளாக், அது தப்பித்திருந்தால் சரிசெய்து மறுபடி ஓட்டுவேன். பிளாக்கே உடைந்திருந்தால் காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, தடத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன்.

"சரி" என்றான் நிலவழகன். ஒரே வார்த்தை.

மூன்றரை மார்க்கை நாலாக்கச் சொல்லிப் பெற்றோர் வந்து நின்றாலும் மூன்றரைதான் என்று அனுப்பிவைக்கிற ஆள். அவனிடம் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

பிளாக்கின் முன்பக்கம் முழுசாக இருந்தது. பின்பக்கம்தான் தெரியவில்லை. அது காரின் உள்சுவரை ஒட்டி, குழாய்களுக்கும் ஒயர்களுக்கும் நடுவே ஒளிந்திருந்தது. கண்ணாடியை நீட்டிப் பார்த்தாள். செல்போனைக் குச்சியில் கட்டி விட்டுப் பார்த்தாள். ஆயில் பிசுக்கும் இருட்டும்தான் படமாக வந்தன. இன்ஜின் வெளியே வந்தால்தான் தீர்ப்பு. ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோக அவளுக்கு மனமில்லை. எந்தத் தீர்ப்பாக இருந்தாலும் தன் வீட்டுக் கொல்லையில், தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

முந்தின நாளே பாதி வேலை முடிந்திருந்தது. பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாகிவிட்டது. பேட்டரி, ரேடியேட்டர் எல்லாம் கிணற்றடியில். சக்கரத்துக்குப் போகும் ஆக்சில்களை உருவி, புகைக்குழாயைப் பிரித்துத் தள்ளிவைத்தாள். கழற்றிய ஒவ்வொரு ஒயரிலும் நிலவழகன் பிளாஸ்திரி ஒட்டி, முத்து முத்தான கையெழுத்தில் எண் போட்டான். எதிர்க் கட்சி என்றாலும் வேலையில் குறை வைக்கவில்லை.

வீரய்யா சுடர்விழிக்குப் பெரியப்பா மகன். அதனால் நிலவழகன் அவனுக்கு மாப்பிள்ளை. கேலி பண்ணுவதற்கு அது போதாதா? முக்காலியை நட்டு முடித்ததும் எலுமிச்சம்பழத்தை நறுக்கி மூன்று கால்களுக்கும் வைத்தான். பிறகு தன் சட்டத்தைச் சொன்னான். செயினில் பாரம் ஏறிவிட்டால், ஏறின பொருள் தரையில் உட்காரும்வரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. வந்துருச்சா, வருமா, நல்லாருக்கா, எதுவும் கூடாது. கேட்டால் செயின் கோபித்துக்கொள்ளும். ஒரு தடவை இலுப்பூரில் ஒரு வீட்டுக்காரர் பாதியில் கேட்டுவிட்டு, மோட்டாரும் கயிறும் மறுபடி பாதாளத்துக்குப் போய்விட்டதாம்.

"ஒங்க ஸ்கூல்ல கேள்வி கேட்டாத்தான் அறிவு, மாப்ள. நம்ம தொழில்ல கேட்டா நட்டம்."

"நான் எங்க மச்சான் கேட்டேன்? ஒங்க தங்கச்சியத்தான் அடக்கணும்" என்றான் நிலவழகன்.

கொக்கியை மாட்டினார்கள். இன்ஜினைக் காரோடு பிடித்திருந்த இரண்டு பக்கத்துத் தாங்கிகளின் போல்ட்டையும் சுடர்விழி உருவினாள். வீரய்யா இழுக்க, செயின் கடகடவென்று பேசியது. இன்ஜின் ஒரு விரற்கடை எழும்பி நின்றது. அதற்கு மேல் வரவில்லை.

"மண்ணு புடிச்சிருக்கு" என்றான் வீரய்யா. செயினை இரண்டு உலுக்கு உலுக்கிவிட்டு, எட்டி இழுத்தான்.

போரில் அதுதான் முறை. ஆறு அங்குலக் குழிக்குள் எட்டிப் பார்த்து எவனும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. உலுக்க வேண்டும், இழுக்க வேண்டும், செயின் சொல்வதைக் கையால் கேட்க வேண்டும். இத்தனை வருடத்தில் தான் இழுக்கும் பொருளின் அடியில் குனிந்து பார்க்கலாம் என்ற யோசனையே அவனுக்கு வந்ததில்லை. வர வழியும் இல்லை. சுடர்விழிக்காவது வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் கண்ணெல்லாம் இன்ஜினுக்குப் பின்னால் இருந்த அந்த இருட்டிலேயே இருந்தது.

இன்ஜின் மெல்ல மெல்ல உயர்ந்தது. கூடவே பம்பரும் உயர்ந்தது.

"ஏன்டி, காரே வருதேடி" என்றார் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மணிமேகலையக்கா.

முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டுத் தொங்கின. கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஊசி போட வந்தவரைப் பார்த்த மாடுபோல் நின்றது. வீரய்யா அப்போதும் விடுவதாக இல்லை. இன்னும் ரெண்டு இழுப்புதான் என்றான். சுடர்விழி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். சிரிப்பில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. கீழே, பின்பக்கம், மூன்றாவதாக ஒரு தாங்கி உண்டு. புகைக்குழாயைக் கழற்றும்போதே அதையும் கழற்றிவிட்டதாக நினைத்திருக்கிறாள்.

காரை இறக்கினார்கள். ஜாக்கி போட்டு, நாலு பக்கமும் கருங்கல் முட்டுக் கொடுத்தார்கள். அடியில் யார் போவது? அது தடத்துக்காகத் தாழ்த்திய வண்டி. கல் கொடுத்தும் இடைவெளி சொற்பம். வீரய்யா தன் தொந்தியைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தான். சுடர்விழி மல்லாந்து படுத்து முயன்றதில் தோளோடு மாட்டிக்கொண்டாள். காலைப் பிடித்து இழுத்து எடுக்க வேண்டியதாயிற்று. மிஞ்சியவன் நிலவழகன். கல்யாணத்தன்று போட்ட மாலைதான் மாப்பிள்ளையைவிடக் கனம் என்று சொந்தக்காரர்கள் இன்னமும் சொல்கிறார்கள்.

ஸ்பானரை வாங்கிக்கொண்டு, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி உள்ளே போனான். இஸ்திரி போட்ட நீல முழுக்கைச் சட்டையை மாற்றிக்கொள்ளக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. மேலே இருந்து அவள் வழி சொன்னாள். இடது பக்கம், கொஞ்சம் மேலே, ரப்பர் வைத்த இரும்புப் பட்டை, அதன் நடுவில் போல்ட். ஸ்பானர் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை கிறீச்சென்று திரும்பியது. போல்ட் சிமெண்டுத் தரையில் விழுந்த ஓசையும் கேட்டது.

அதற்குப் பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. டார்ச் வெளிச்சம் மட்டும் உள்ளே ஒரே இடத்தில் நின்றிருந்தது.

"மாப்ள, தூங்கிட்டீங்களா?"

நிலவழகன் நெளிந்து வெளியே வந்தான். மூக்கில் கருப்பு, நெற்றியில் கருப்பு. போல்ட்டை அவளிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அங்கிருந்து பிளாக்கின் பின்பக்கம் நன்றாகத் தெரியும் என்பது சுடர்விழிக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்னங்க, பின்னாடி…"

"தங்கச்சி" என்று செயினை இழுத்தபடியே அதட்டினான் வீரய்யா. "செயின்ல பாரம் ஏறிருச்சு. வாய மூடு."

இந்த முறை இன்ஜின் சொன்னபடி கேட்டது. கியர்பாக்ஸ் பக்கம் சாய்ந்து, ஒரு உலுக்கு உலுக்கி, காரின் வாயிலிருந்து பிடுங்கிய பல்லைப்போல் மேலே வந்தது. அது வெளியே தலைகாட்டியதுமே நிலவழகன் பாய்ந்துபோய் அதன் பின்பக்கத்தை அணைத்துக்கொண்டான். ஆடாமல் பிடிக்க வேண்டாமா என்றான். சுடர்விழியும், சுவரைச் சுற்றி ஓடிவந்த மணிமேகலையக்காவுமாக முட்டுக் கல்லை எடுத்து, ஜாக்கியை இறக்கி, காரைப் பின்னால் தள்ளினார்கள். அக்காவின் கையில் இன்னும் தோசைக் கரண்டி.

இன்ஜின் அந்தரத்தில் தொங்கியது. கீழே டிராக்டர் டயர் தயாராகக் கிடந்தது. இறக்க வாகாக அதைக் கொஞ்சம் இங்கிட்டுத் திருப்பச் சொன்னான் வீரய்யா. திருப்பாமலே இறக்கலாம் என்றான் நிலவழகன். வீரய்யாவே எட்டித் திருப்பியதும், நிலவழகனும் அதோடு ஒட்டிக்கொண்டு சுற்றி வந்தான். சுடர்விழி எந்தப் பக்கம் போனாலும் இன்ஜினின் முன்பக்கம்தான் அவளைப் பார்த்தது.

"மாப்ள, அது ஒண்ணும் பச்சப்புள்ள இல்ல. எறக்கி விடுங்க."

செயின் கண்ணி கண்ணியாக இறங்கியது. பழைய இரும்புக் கடைக்காரன் கதவில் இருக்கும் இருபத்தேழைக் கட்டரால் அறுப்பதை சுடர்விழியின் மனம் அதற்குள் பார்த்துவிட்டது. மணப்பாறையில் ஏன் வாயைக் கொடுத்தோம்? டயர் தப்பித்தால் ஓட்டுவேன், கண்ணாடி தப்பித்தால் ஓட்டுவேன் என்று ஏதாவது சுலபமாகச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

இன்ஜின் டயரில் உட்கார்ந்தது. செயின் தொய்ந்தது. வீரய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"இனிமே கேட்டுக்க, தங்கச்சி."

சுற்றிக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனாள். நிலவழகன் அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வலது உள்ளங்கை பிளாக்கின் மேல் விரிந்து, அழுந்த ஒட்டியிருந்தது. விரல்களுக்கு நடுவே கருப்பு ஆயில் கசிந்து, மணிக்கட்டில் ஓடி, நீலச் சட்டையின் கைமடிப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சுட்டுவிரலுக்குக் கீழே, கை மூட முடியாத ஓரத்தில், புதிதாக உடைந்த இரும்பின் பல் ஒன்று வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது. கண்கள் கலங்கின. இருந்தாலும் கேட்டாள்.

"பிளாக்கு எப்படிங்க இருக்கு?"

அரை மார்க்குக்கூட விட்டுக்கொடுக்காத கணக்கு வாத்தியார், கையை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டு, அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு. மூணாவது வளைவுல அந்த வெள்ளை வண்டிக்காரன் ரவுண்டுக்கு ரவுண்டு ஒன்னை மறிச்சானே, அவனைத் தாண்டாமலே வண்டிய எடைக்குப் போடலாம்னு பாக்குறியா?"