இடம் விடாத அழைப்புகள்

ஹாலில் அப்பாவின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். உள்ளறையில் மகள் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கடவுச்சொல்லை இரண்டாவது முறையும் தப்பாக அடித்தாள்.

"அக்கா, இன்னும் இருபது நிமிஷம்தான் தாங்கும்," என்றான் போனில் ஜோசியர். ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் அவளுக்குக் கீழே வேலை பார்ப்பவன். அழைப்புகளை வாங்கும் கணினியான சர்வர் எப்போது படுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவான். கருநாக்கு, சொன்னது பலித்துவிடும். அதனால் வந்த பட்டப்பெயர். "இந்த நேரத்துல கூப்பிடுறதுக்கு மன்னிச்சிடுங்க. நேத்து மாதிரியே கூட்டம் ஏறுது. உங்க பாஸ்வேர்ட் இல்லாம நான் கை வைக்க முடியாது."

நேற்றுக் காலையிலேயே எச்சரித்தான். பேசி முடித்த அழைப்பைக்கூட சர்வர் உடனே விட்டுவிடாது. வழியில் தங்கிவிட்ட தகவல் துணுக்கு ஏதாவது வந்து சேருமோ என்று ஒரு நிமிடம் அதன் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். கூட்டம் அதிகமானால், முடிந்துபோன அழைப்புகளே எல்லா இடத்தையும் அடைத்துக்கொள்ளும். புதிதாகக் கூப்பிடுபவருக்கு மணியே அடிக்காது. காத்திருக்காமல் அந்த இடங்களைப் புது அழைப்புக்குக் கொடுக்கச் சொல்லி சர்வர் அமைப்பில் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும்.

பகலில் சர்வரைத் தொடக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். "சாயங்காலம் பாத்துக்கலாம்," என்று தள்ளிவிட்டு, மத்தியானம் சாப்பிடப் போனாள். ஒன்றே முக்காலுக்கு சர்வர் அடைத்துக்கொண்டது. பத்து நிமிடத்தில் தானாகவே விட்டது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறார்.

"நாலு தடவ அடிச்சேன். போகவே இல்ல." ஹாலில் அம்மாவின் குரல். புதிதாக யார் வந்தாலும் அதே வார்த்தைகள்.

மூன்றாவது முறை கடவுச்சொல் சரியாக விழுந்தது. வரியை மாற்றினாள்.

"எல்லாம் உள்ள போகுதுக்கா," என்றான் ஜோசியர். "இவ்வளவுதான் வேலை. ஒரு நிமிஷம்கூட ஆகல."

அவள் போனை வைத்தாள்.

அம்மா தன் போனோடு உள்ளே வந்தாள். "ஆபீஸ் வேலையா?"

"ம்."

"கண்ணாடி போடாமத்தான் அடிச்சேன். பதட்டத்துல நம்பரத் தப்பா போட்டுட்டேனோ என்னமோ. உன் சித்தப்பாவும் அப்படித்தான் இருக்கும்கிறார். நீ பாத்துச் சொல்லு. நானே அவர..." போனை மகளிடம் நீட்டினாள்.

மகள் போனை வாங்கிப் பார்த்தாள். நான்கு அழைப்புகள். நான்கும் சரியான நம்பர். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், பழி அம்மாவோடு போய்விடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளுக்குத் தன்மேலேயே பயமாக இருந்தது.

"நம்பர் சரியாத்தாம்மா போட்டிருக்க."

"அப்ப ஏன் போகல?"

வாசலில் இன்னொரு கார் வந்து நின்றது. யாரோ அம்மாவைத் தேடிக் கூப்பிட்டார்கள். மகள் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினாள். கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கி, அம்மா உட்கார இடம் செய்தாள்.