ஏ பிரிவில் முப்பது பேர்

சுயம்புலிங்கம் அந்தக் கல்லூரியில் கணித டியூட்டராகச் சேர்ந்த இரண்டாவது வருஷம், 1943 ஜூலையில், புது மாணவர்களின் பரீட்சைத் தாள்களைத் திருத்தும் வேலை அவனிடம் வந்தது. இன்டர்மீடியட்டில் கணக்கு எடுக்க வந்த நூற்றுப் பன்னிரண்டு பேரும் சேர்ந்தவுடன் ஒரு பரீட்சை எழுத வேண்டும். அதில் முந்துகிற முப்பது பேருக்கு ஏ பிரிவு, மற்றவர்களுக்கு பி. ஏ பிரிவில் படித்தவன் பின்னால் ஆனர்ஸுக்கு மனுப் போடலாம். பி பிரிவில் பாஸாகிற அளவுக்குத்தான் பாடம். அது வேண்டாம் என்கிறவன் ஒரு வாரத்துக்குள் சரித்திரத்துக்கோ தர்க்கத்துக்கோ மாறிக்கொள்ள வேண்டியது.

மந்தைவெளியில் அவன் குடியிருந்த மாடி அறையில் மூன்று நாள் உட்கார்ந்து திருத்தினான். சோம்பலாகத் திருத்தவில்லை. ஒரு வரி சரியாக இருந்தாலும் அதற்கு அரை மார்க்கு போட்டான். ஆறாவது கணக்கை யாரும் தொடமாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தான். ஹபீபுர் ரஹ்மான் என்ற பையன் அதை ஏழே வரியில் முடித்திருந்தான். சுயம்புலிங்கம் போட்ட வழி ஒரு பக்கம் நீளும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, இன்னொரு முறை படித்து, தொண்ணூற்று நான்கு போட்டான். அடுத்தபடி அம்மாசி என்ற பையனுக்கு எண்பத்தெட்டு. எல்லா மார்க்கையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, கட்டின் மேல் வைத்துத் தைத்து, வெள்ளிக்கிழமை காலை ஆபீஸில் கொடுத்தான். திங்கட்கிழமை பட்டியல் ஒட்டுவதாகச் சொன்னார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் சாந்தோம் கடற்கரைப் பக்கம் நடந்துபோனவன், பஜ்ஜி போட்டு விற்கும் தேவானையின் அடுப்பண்டை நின்று பஜ்ஜி வாங்கினான். பாதி தின்றதும் காகிதத்தைப் பார்த்தான். எண்ணெய்க்குள்ளிருந்து சிவப்பு மசி தெரிந்தது. அவனுடைய கையெழுத்து. வாயிலிருந்ததை மணலில் துப்பினான்.

"இன்னா சார், கசக்குதா?" என்றாள் தேவானை.

"இந்தக் காகிதம் எங்கேம்மா கெடைச்சுது?"

"நேத்து பொழுதோட உங்க காலேஜ் பியூன்தான் எடைக்குப் போட்டுட்டுப் போனாரு. சண்டை வந்ததிலேந்து பேப்பரே கெடைக்கல சார். நல்ல கெட்டிப் பேப்பரா கீதேன்னு வாங்கி வச்சேன். வோணுமா?"

கட்டை எடுத்துக் காட்டினாள். அடியிலிருந்து நாலைந்து தாள்களைத்தான் கிழித்திருந்தாள். மேலே அவன் தைத்த நூல் அப்படியே இருந்தது. மார்க்குத் தாளை ஒருவரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வேறு பழைய தாள்கள் தருவதாகச் சொல்லி அந்தக் கட்டை வாங்கிக்கொண்டான். வழி முழுக்க அவன் விரல்களில் கடலையெண்ணெய் நாறியது. அறைக்கு வந்து இரண்டு தடவை கை கழுவியும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மயிலாப்பூரில் பேராசிரியர் வேதாந்தத்தின் வீட்டுக்குப் போனான். கணிதத் துறைக்கு அவர்தான் தலைவர். கோபிக்காத மனிதர், குரலை உயர்த்தாதவர். எண்ணெய்க் கட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"அதை ஏன் ஆத்துக்குள்ள கொண்டுவந்தீர்? கீழே வையும். ஸ்டோர் ரூம்ல இடமில்லேன்னு நான்தான் எடைக்குப் போடச் சொன்னேன்."

"பட்டியலுக்கு மார்க்கு வேண்டாமா சார்?"

"லிஸ்ட் போன மாசமே ரெடியாயிடுத்து. இதோ, உம்ம கையெழுத்துதான் பாக்கி."

டைப் அடித்த தாளை நீட்டினார். முப்பது பெயர்கள். ஒரு வக்கீலின் மகன், ஒரு ஜமீனின் மருமகன், தியாகராய நகர் அரிசி மில்காரரின் பையன், ஒரு கான் பகதூரின் பேரன். எல்லா ஜாதியும் எல்லா மதமும் அதில் கலந்திருந்தன, பெரிய மனிதர் என்ற ஒன்றைத் தவிர வேறு வித்தியாசம் பார்த்ததாகத் தெரியவில்லை. சுயம்புலிங்கத்தின் முதல் முப்பதில் ஒன்பது பேர்தான் அங்கே இருந்தார்கள். கீழே, 'தேர்வின்படி' என்று அடித்திருந்தது.

"அப்புறம் எதுக்கு சார் பரீட்சை?"

"பரீட்சை வைக்காம லிஸ்ட் போட்டா நாலு பேர் கேப்பா. ஓய், இவாளெல்லாம் எப்படியும் படிச்சு மேலே வரப்போறவா. கட்டடம் கட்டறச்சே இவா ஆத்துப் பெரியவாதான் பணம் கொடுத்தா."

சுயம்புலிங்கம் ஹபீபுரின் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தான். ஓரம் மட்டும் எண்ணெய் ஏறியிருந்தது. வேதாந்தம் தொடாமல் குனிந்து படித்தார். ஏழு வரியையும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அழகா போட்டிருக்கான். சரி, உமக்காக ஒண்ணு பண்ணறேன். இவனைச் சேத்துக்கறேன். யாரை எடுக்கறதுன்னு நீரே சொல்லும்."

சொல்லியிருக்கக் கூடாது. அது அவனுக்கு அப்போதே தெரியும். ஆனாலும் விரல் தானாகப் போய், பதினோரு மார்க்கு வாங்கிய ஒரு பெயரைத் தொட்டது. வேதாந்தம் அதை அடித்து மேலே ஹபீபுர் ரஹ்மான் என்று எழுதினார். பேனாவை நீட்டினார். சுயம்புலிங்கம் கையெழுத்துப் போட்டான். காப்பி வந்தது. குடித்தான்.

தெருவில் இறங்கிக் கோயில் குளம் வரை நடந்தான். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். சற்றுமுன் வேதாந்தத்தின் மேல் வந்த அருவருப்பு இப்போது தன் சட்டைக்குள்ளேயே இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஹபீபுர் டியூட்டர் அறை வாசலில் வந்து நின்றான். ஒல்லியான பையன். திருவல்லிக்கேணியில் அவன் அத்தாவுக்குத் தையற்கடை.

"பட்டியல் பார்த்தேன் சார். நீங்கதான் திருத்தினீங்கன்னு சொன்னாங்க."

"உனக்குத் தொண்ணூற்று நாலு."

பையன் முகம் மலர்ந்தது. பிறகு கேட்டான்: "அம்மாசிக்கு எத்தனை சார்? ரெண்டு பேரும் வெளியே வந்து விடை ஒத்துப் பார்த்தோம். ஆறாவது தவிர எல்லாம் ஒண்ணாத்தான் இருந்திச்சு. அவன் பேரு பி-ல இருக்குது."

பொய் சொல்லலாம். ஒரு எண் போதும்.

"எண்பத்தெட்டு," என்றான் சுயம்புலிங்கம்.

"அப்ப என்னை மட்டும் எப்படி சார் போட்டாங்க?"

நடந்ததைச் சொன்னான். கட்டு, பஜ்ஜி, ஒரு பெயரை எடுத்து ஒரு பெயரைப் போட்டது, கையெழுத்து, எதையும் விடவில்லை. ஹபீபுர் தலை குனிந்து கேட்டான். நிமிர்ந்தபோது, செருப்பில் எதையோ மிதித்துவிட்டவன் அதைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"அம்மாசி காலையிலேயே சரித்திரத்துக்கு மாறிட்டான் சார். எனக்குக் கணக்கு வரலைபோலன்னு சொல்லிட்டு ஃபாரம் எழுதிக் கொடுத்துட்டான்."

சுயம்புலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"நான் ஏ-லயே இருக்கேன் சார். எங்க அத்தாகிட்ட வேற எதுவும் சொல்ல முடியாது. ஆனா உங்களுக்கு நன்றி சொல்லலாம்னுதான் வந்தேன். இப்ப அது வாயில வரலை."

அவன் போனதும் சுயம்புலிங்கம் ஆபீஸுக்கு ஓடினான். அம்மாசியின் ஃபாரம் அன்றைக்கே பதிவாகியிருந்தது. மாற்ற வேண்டுமானால் துறைத் தலைவரின் கையெழுத்து வேண்டும் என்றார் குமாஸ்தா. போய்க் கேட்டதற்கு வேதாந்தம் சிரித்துக்கொண்டே மறுத்தார். ஒன்றுக்குச் சம்மதித்தேனே, போதாதா என்று கேட்டார்.

சுயம்புலிங்கம் நேரே வராந்தாவுக்கு வந்தான். பத்துப் பன்னிரண்டு பையன்கள் பட்டியலின் முன் நின்றிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு போய், தன் கையெழுத்தையும் அதற்கு மேலே இருந்த 'தேர்வின்படி' என்பதையும் சிவப்பு மசியால் அடித்தான். எதற்கு என்று ஒரு பையன் கேட்டான். தேர்வின்படி இல்லை, அதனால்தான் என்றான்.

மறுநாள் அவனுக்கு மெமோ வந்தது. பலகையில் புதுத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. அதே முப்பது பெயர்கள், கீழே வேறு யாரோ ஒருவரின் கையெழுத்து.