கொழுந்தில் எண்ணெய் வாடை

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஓப்பநாயக்கவுக்கு வாடகைக்கு ஒரு ஹயர் போய்விட்டு வந்து, வழக்கம்போலத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினாள் கிருஷ்ணகுமாரி. கொழுந்து நிறுத்து முடிந்தும் பெண்கள் கலையாமல் நின்றிருந்தார்கள். யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தங்கம்மா மட்டும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டே கிட்ட வந்தாள்.

"ஒன் காரால இன்னைக்கி எங்க எல்லாத்துக்கும் அரைப்பேரு குமாரி. சந்தோஷந்தானே?"

காலையில் இங்கே நிறுத்து அனுப்பிய கொழுந்தை, எண்ணெய் வாடை அடிக்கிறதென்று தொழிற்சாலையில் ஒதுக்கிவிட்டார்களாம். தோட்டத்தின் உதவி நிர்வாகியான சின்னதுரை மோட்டார் சைக்கிளில் வந்து, சாக்கு அடுக்கும் இடத்தில் தரை கறுத்துக் கிடப்பதைப் பார்த்து, இங்கே யாருடைய வாகனம் நிற்கிறது என்று கேட்டிருக்கிறார். பதில் கிடைத்ததும் இருபத்திமூன்று பேருக்கும் அரைநாள் சம்பளம் என்று எழுதச் சொல்லிவிட்டார். மடுவத்துச் சுவரில் சிங்களத்தில் ஒரு கடிதமும் ஒட்டியிருந்தது. தொழிலாளர்களின் சொந்த வாகனங்கள் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இந்த டிவிஷனில் நிற்கக் கூடாது.

"லயத்து ஆளுங்களுக்குக் காரு எதுக்குன்னு வேற கேட்டாரு" என்றாள் தங்கம்மா. அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த கோபம் யார்மேல் என்று கிருஷ்ணகுமாரிக்குப் பிடிபடவில்லை.

குவைத்தில் எட்டு வருடம் அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்து வாங்கிய கார் அது. பாதை மடுவத்தோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே எல்லோரும் குடியிருக்கும் லயத்துக்கு நூற்றுப்பத்துப் படிகள். கார் நிற்க வேறு இடமே கிடையாது. ஆஸ்பத்திரி வண்டி வர மறுத்த இரண்டு மழை நாட்களில், இதே பெண்களின் மருமக்களை இடுப்பு வலியோடு பின்சீட்டில் ஏற்றிப்போனது இந்தக் கார்தான். அதெல்லாம் நாக்கின் நுனிவரை வந்தது. குனிந்து காருக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். இன்ஜினின் அடிவயிறு ஈரமாக இருந்தது. விரலில் எண்ணெய். தங்கம்மாவும் அந்த விரலைப் பார்த்தாள்.

அன்று மாலை ஒரு பால்மா அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காருக்கு அடியில் விரித்துவிட்டுப் போனாள். விடிந்ததும் வந்து இழுத்துப் பார்த்தபோது அதில் இரண்டே பொட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் குற்றியளவு. சாக்கு அடுக்கும் இடத்திலோ கறுப்பு ஒரு சுளகு அகலத்துக்குப் படர்ந்திருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். யாராவது ஒரு நிமிடம் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே! அந்தக் கறுத்த மண்ணில் ஒரு கைப்பிடி அள்ளி ஷொப்பிங் பையில் கட்டிக்கொண்டு பெல்மதுளைக்குக் காரை எடுத்தாள்.

மர்சூக்கின் கராஜ் சந்தியைத் தாண்டி ஒரு பலகைக் கடைக்குப் பின்னால் இருந்தது. அவர் பையைத் திறந்து மண்ணை விரலால் நசுக்கி முகர்ந்து பார்த்தார்.

"இது டீசல் வண்டிட எண்ணெ, தங்கச்சி. தார் மாதிரி ஈக்கிது. ஒங்கட காரு பெட்ரோல். போன மாசந்தானே எண்ணெ மாத்தின? தேன் நெறத்துல ஈக்கும்."

"அட்டையில ரெண்டு பொட்டுதான். தரையில சுளகு அகலத்துக்குக் கெடக்கு. அப்ப என் காருல ஒழுகுறது?"

"அதும் ஒழுகுறதுதான். ஆனா இந்தளவுக்கு ஒழுக ஒரு வருஷம் வேணும்."

மடுவத்துக்கு வரும் டீசல் வண்டி தோட்டத்து லொறி ஒன்றுதான் என்பது கிருஷ்ணகுமாரிக்கு உறைத்தது. "மொதல்ல என் காரச் செஞ்சு குடுங்க நானா. ஒரு சொட்டுகூட விழக் கூடாது. அவங்க வண்டி ஆறா ஒழுகலாம், யாரும் கேக்க மாட்டாங்க. நான் வாயத் தொறக்கணும்னா என் காரு காஞ்சிருக்கணும்."

அடியில் எல்லா இடமும் ஈரமாக இருந்ததால் கசிவு எங்கே என்று தெரியவில்லை. மர்சூக் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷுமாக இன்ஜினைக் கழுவித் துடைத்தார். காய்ந்ததும் குழந்தைப் பவுடரை எடுத்து மேலிருந்து கீழ்வரை தூவிவிட்டு இன்ஜினை ஓட விட்டார். கால்மணி நேரத்தில், வெள்ளையாக இருந்த இன்ஜினின் பின்மூலையில், உச்சியிலிருந்து ஒரு பழுப்புக் கோடு மெல்ல இறங்கியது. அவள் அதுவரை அடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் மேல்மூடியிலிருந்து வழிந்து வந்திருக்கிறது.

மூடியைக் கழற்றி, அதன் விளிம்பில் இருந்த ரப்பர் பெக்கிங்கை உருவி வளைத்தார். பிஸ்கட் போல முறிந்தது. விளிம்பைச் சுரண்டி, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, புதியதைப் பதித்தார். நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்கினார்.

"ஒரேயடியா இறுக்கினா மூடி வளைஞ்சுரும்" என்றார். திரும்பவும் பவுடர் தூவி அரைமணி நேரம் ஓடவிட்டார்கள். பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

வியாழக்கிழமை அவள் ஹயருக்குப் போகவில்லை. காலையில் காருக்கு அடியிலிருந்த அட்டையை உருவினாள். புதிய அட்டை, பொட்டு இல்லை. பத்து மணிக் கொழுந்து நிறுக்கத் தோட்டத்து லொறி வந்து, மடுவத்தை ஒட்டிப் பின்பக்கமாக நின்றது. நிறுக்கும்வரை அதன் இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சாக்குகளை அதன் பக்கத்திலேயே அடுக்கினார்கள். கிருஷ்ணகுமாரி நேராகப் போய், அதே அட்டையை லொறிக்கு அடியில் தள்ளினாள்.

"மொக்கத மே?" இது என்ன என்று, நிறுப்பதைப் பார்க்க வந்திருந்த சின்னதுரை சிங்களத்தில் கேட்டார்.

"என் கார் ராத்திரி முழுக்க நின்ற அட்டை, சேர். சுத்தமாக இருக்கிறது. இப்போது உங்கள் லொறி நிற்கட்டும்" என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள்.

முதல் சாக்கு தராசில் ஏறுவதற்குள் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பெண்கள் கூடைகளை இறக்கிவிட்டுக் குனிந்தார்கள். ஏழாவது சாக்கு நிறுக்கும்போது அட்டையின் நடுப்பகுதி ஊறிக் கறுத்திருந்தது. டீசல் வாடை எல்லோருக்கும் அடித்தது.

லொறி சாரதி நாகலிங்கம் இருக்கையிலிருந்து இறங்கினான். சின்னதுரையைப் பார்க்காமல், பெண்களைப் பார்த்துத் தமிழில் பேசினான்.

"மூணு தடவ ஆபீசுல சொன்னேன். 'ஊத்தி ஓட்டு'ன்னாங்க. ஊத்தி ஊத்தித்தான் ஓட்டுறேன்."

"செவ்வாக்கெழம இங்கனதானே நின்னீங்க?" கிருஷ்ணகுமாரியின் சத்தம் உயர்ந்துவிட்டது. "எல்லாரும் என்னைய வாயில வந்ததச் சொன்னப்ப, அப்ப எங்க போச்சு இந்த வாயி?"

நாகலிங்கம் திரும்பி லொறியில் ஏறி உட்கார்ந்தான்.

சின்னதுரைக்கு முழுவதும் புரிந்திருக்க வேண்டும். லொறி ஆபீஸ் விஷயம், அதை ஆபீஸ் பார்த்துக்கொள்ளும் என்றார். வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமைதான், காரை எடுத்துவிடு என்றார். மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

"அப்ப எங்க அரைப்பேரு?" தங்கம்மா அவர் போன திசையைப் பார்த்துக் கேட்டாள். பிறகு கிருஷ்ணகுமாரியின் பக்கம் திரும்பினாள். லொறிக்கு அடியில் கையை நீட்டி அட்டையை இழுத்து, எண்ணெய் சிந்தாமல் இரண்டு கையாலும் தட்டுப்போல ஏந்திக்கொண்டாள்.

லொறி கிளம்பி, தொழிற்சாலைக்கும் ஆபீசுக்கும் போகும் புது கொங்கிறீட் பாதையில் ஏறியது. வெள்ளைப் பாதையின் நடுவில், நாலைந்து அடிக்கு ஒன்றாகக் கறுத்த சொட்டுகள் விழுந்துகொண்டே போயின. தங்கம்மா முதல் சொட்டின் பக்கத்தில் போய் நின்றாள். பிறகு இரண்டாவதற்கு நடந்தாள். ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, கூடைகளை மடுவத்திலேயே விட்டுவிட்டு மற்றவர்களும் நடந்தார்கள்.

கிருஷ்ணகுமாரி கார்க் கதவைப் பூட்டினாள். அவள் பாதைக்கு வந்தபோது முன்னால் போனவர்கள் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் ஒவ்வொரு சொட்டும் மினுங்கியது. யாரும் ஒன்றையும் மிதிக்கவில்லை.