மணலில் இருந்தவை

விடிந்தும் விடியாததுமாக, அக்காவின் கணவரோடு இடுப்பளவு ஏரித் தண்ணீரில் நின்று, வளர்ப்புக் கூண்டுகளில் மிதந்த மீன்களை அவன் அள்ளிக்கொண்டிருந்தான். எல்லாம் வாயைப் பிளந்தபடி செத்திருந்தன. தண்ணீர் அரைத்த கீரை போலிருந்தது.

"சீக்கிரம் எடை ஏறட்டும்னு தீனிய அள்ளி அள்ளிப் போட்டேன் மாப்ள. நானே கொன்னுட்டேன்."

"பெத்த பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டத் தெரியாது, மீனுக்கு மட்டும் விருந்து!" என்றாள் அக்கா, கரையிலிருந்து.

அவன் அடுத்த கூண்டுக்கு நகர்ந்தான். நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்து இந்த ஏரிக்கு அனுப்பும் நிலையத்தில் அவன் ஆபரேட்டர். அழுக்கெல்லாம் போன பிறகும் அந்தத் தண்ணீரில் நைட்ரேட் என்ற உரம் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். எந்தச் சல்லடையிலும் அது சிக்காது. கடைசித் தொட்டியின் மணலில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள்தான் அதைத் தின்று காற்றாக்கிவிடும். மணல் பழுப்பாய் வழுவழுத்தால் அவை செழிப்பாக இருக்கின்றன என்று பொருள். அடைப்பெடுக்கக் கீழிருந்து தண்ணீர் பாய்ச்சி அலசுவார்கள்; அதுவும் பதமாக, நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும் குளோரின் கலக்காத தண்ணீரால்.

இதெல்லாம் தெரிந்தவன்தான். மூன்று வாரத்துக்கு முன் மேலதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. முந்தின நாள் அந்த வழுவழுப்பைப் பார்க்க அவனுக்கே கூச்சமாகப் போயிற்று. குளோரின் தண்ணீரைத் திருப்பிவிட்டு இரண்டு மணி நேரம் அலசினான். மணல் பளிச்சிட்டது. அதிகாரி தோளில் தட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து தண்ணீர் தெளிவாகத்தான் வெளியேறியது, உரம் முழுவதையும் சுமந்துகொண்டு. அதைத் தின்று ஏரியில் பாசி பெருகியது. இரவில் மீன்களின் மூச்சுக்காற்றையும் அந்தப் பாசியே குடித்தது. பரிசோதனைத் தாளில் எண் ஏறுவதை அவன் பார்த்தான். நுண்ணுயிர்கள் எப்படியும் மறுபடி வளர்ந்துவிடும் என்று சும்மா இருந்துவிட்டான்.

"ஏன் மாப்ள, உங்க தண்ணில ஏதாச்சும்..."

"அவன ஏன் இழுக்குறீங்க?" அக்கா சீறினாள். "கண்ணாடி மாதிரி தண்ணி விடுறான் என் தம்பி."

"ஆமா, ஆமா. சும்மா கேட்டேன்." அவர் கரையேறி, மீன் நிறைந்த கூடையைத் தோளில் தூக்கினார். "கூண்டையெல்லாம் வித்துடலாம். இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல."

அந்த 'ஆமா'தான் அவனைக் குடைந்தது.

"மாமா, கூடைய கீழ வைங்க. ஒண்ணு சொல்லணும்."

"நடந்துகிட்டே சொல்லேன்."

"இல்ல மாமா. வைங்க."

அவர் வைக்கவில்லை. திரும்பி நின்று அவனையே பார்த்தார். கூடையின் ஓட்டைகளிலிருந்து பச்சைத் தண்ணீர் அவர் முதுகில் வழிந்துகொண்டிருந்தது.