ஓட்டை விழாத மூடிகள்

சிவபாண்டி பரவை மார்க்கெட்டுக்கு ஏற்றிக்கொண்டு போன தக்காளி, போன வண்டியிலேயே திரும்பி வந்தது. விற்றால் வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாது. ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனவர்களை அவன் பார்த்தான். அவனுக்கு அதற்கு மனசு வரவில்லை. திருமங்கலத்துக்கு மேற்கே இருந்த தன் வீட்டுக்கே கொண்டுவந்து, மாட்டுக்கொட்டகையில் சாக்கை விரித்துப் பரப்பினான். முகம்கூடக் கழுவாமல் டிராக்டர்காரருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வந்து தக்காளிச் செடியை மண்ணோடு சேர்த்து ஓட்டிவிடச் சொன்னான்.

"செடியில இன்னும் காய் கெடக்கே," என்றாள் அவன் மனைவி ஆர்த்திகா.

"கெடந்துட்டுப் போகுது. பறிகூலிக்கு உங்கப்பன் பணம் அனுப்புவாரா?"

ஆர்த்திகா அப்போது ஒரு ஜாம் பாட்டிலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள். கடையில் வாங்குகிற ஜாம் பாட்டில் மாதக்கணக்கில் வெறும் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது, கெடுவதில்லை. முதன்முதலாகத் திறக்கும்போது மட்டும் 'டப்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எதனால் வருகிறது என்பது அவளுக்கு வெகுநாளாக இருந்த கேள்வி. போனில் தேடிப் பார்த்தாள். பாட்டிலை வெந்நீரில் கொதிக்க வைத்து, சூடான தக்காளிக் கூழை ஊற்றி, மூடியைத் திருகி, மறுபடியும் தண்ணீருக்குள் முக்கிக் கொதிக்க விட வேண்டும். ஆறும்போது மூடி தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். நடுவில் அமுக்கினால் அசையக் கூடாது. அசையாவிட்டால் மழைக்காலம் வரைக்கும் கவலை இல்லை. மழைக்காலத்தில் தக்காளி என்ன விலை விற்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

"ஒரு பாட்டிலாவது அப்பிடி அசையாம நிக்கட்டும்," என்றான் சிவபாண்டி, அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு. "ஞாயித்துக்கிழமைக்குள்ள காட்டு. டிராக்டரை நிப்பாட்டுறேன்."

வேலையில் இறங்கிய பிறகுதான் பாட்டிலின் விலை தெரிந்தது. மதுரை கீழமாசி வீதியில் விசாரித்தாள். புதுப் பாட்டில் பெட்டியாகத்தான் கொடுப்பார்களாம். உள்ளே போகிற தக்காளியைவிட வெளியே இருக்கிற கண்ணாடி பல மடங்கு விலை. வீட்டில் இருந்ததையும் அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கியதையும் சேர்த்தால் ஒரு கூடைத் தக்காளிக்குக்கூடக் காணாது. தூக்கிப்போட்ட பாட்டில்கள் எல்லாம் எங்கே போய்ச் சேருகின்றன என்று யோசித்தாள். மறுநாள் திருமங்கலத்தில் பேயாண்டியின் பழைய இரும்புக்கடை வாசலில் நின்றாள்.

கண்ணாடி ஒரு ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. ஜாம் பாட்டில், தேன் பாட்டில், காப்பித்தூள் பாட்டில். ஒன்றுக்கும் மூடி இல்லை.

"அண்ணே, மூடியெல்லாம் எங்க?"

பேயாண்டி பீடியை வாயிலிருந்து எடுக்காமலே பேசினார். "கண்ணாடி கண்ணாடியோட, தகரம் தகரத்தோட. மூடியோட போட்டா கண்ணாடிக்காரன் எடையில கழிப்பான்."

"ரெண்டையும் சேத்து வச்சா, பாட்டிலாவே விக்கலாமேண்ணே?"

"பாட்டிலா யாரு தங்கச்சி வாங்குவா? வெள்ளிக்கிழமை லாரி வரும். அதுக்கு முந்தி அம்புட்டையும் ஒடச்சிருவோம். முழுசா ஏத்துனா லாரி நெறையக் காத்துதேன் போகும். காத்தை எடை போட்டு எவன் காசு குடுப்பான்?"

அது நியாயம்தான் என்று ஆர்த்திகாவுக்குப் பட்டது. தகரக் குவியலுக்குப் போனாள். மூடிகள் துருப்பிடித்து, நசுங்கி, உள்ளே ஒட்டியிருந்த ரப்பர் பிய்ந்து கிடந்தன. ஓரமாக ஒரு சாக்கு மட்டும் வேறு மாதிரி இருந்தது. உள்ளே நீல நிற மூடிகள், பளபளவென்று புதுசு. மேலே என்னவோ எழுத்து. தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. ஒவ்வொரு மூடிக்கும் நட்ட நடுவில் ஓர் ஆணி ஓட்டை.

"இது எந்த ஊரு எழுத்துண்ணே?"

"ருஷ்யாக்காரன் எழுத்தாம். கொட்டாம்பட்டிப் பக்கம் வெள்ளரிப்பிஞ்சைப் பாட்டில்ல அடைச்சுக் கப்பல்ல அனுப்புற கம்பெனி ஒண்ணு இருக்கு. அங்கருந்து வருது."

"ஓட்டை என்னத்துக்கு?"

"வரும்போதே ஓட்டையோடதேன் வருது. ஓட்டை இருந்தா எடை கொறையும், எனக்குத்தேன் நட்டம். நான் ஏன்னு கேட்டனா? நீ ஏன் கேக்குற?"

ஆர்த்திகா ஒரு மூடியை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் குவியலுக்குத் திரும்பினாள். முதல் பாட்டிலில் மூடி சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்ததில் நுழையவே இல்லை. மூன்றாவதாக எடுத்த ஜாம் பாட்டிலில் கால்சுற்றுச் சுற்றியதும் 'கப்'பென்று பிடித்தது. வாய் பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. மூடியைப் போட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது. அந்த ஓட்டை மூடியையே அளவாக வைத்துக்கொண்டு, பிடிக்கிற பாட்டிலை எல்லாம் பொறுக்கித் தனியாக அடுக்கினாள். வெயில் ஏறியது. பேயாண்டி ஒரு பழைய குடையைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனார்.

"இதை மட்டும் ஒடைக்காதீங்கண்ணே. மூடியோட வாரேன்."

"வெள்ளிக்கிழமை காலையில வரலைன்னா சம்மட்டியை எடுத்துருவேன். அப்புறம் அழக் கூடாது."

மறுநாள் ஒரு பாட்டிலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மாட்டுத்தாவணி போய், அங்கிருந்து கொட்டாம்பட்டி பஸ் ஏறினாள். ஓட்டையில்லாத மூடி கிடைக்குமா என்பதைவிட, ஓட்டை ஏன் என்பதுதான் வழியெல்லாம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. ஒருவேளை காற்று போவதற்கோ? காற்று போனால் வெள்ளரிப்பிஞ்சு கெட்டுப்போகாதா?

கம்பெனி கேட்டில் இருந்த ஆள், கழிவுச் சாமான் என்றால் பின்கட்டுக்குப் போ என்று கையைக் காட்டினார். பின்கட்டில் வேப்பமரத்தடியில் ஒரு பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இடது கையில் ஆணி, வலது கையில் சுத்தியல். ஒரு பக்கம் மூடிச் சாக்கு, இன்னொரு பக்கம் ஓட்டை விழுந்த குவியல். டங். டங். டங். பெயர் தங்கப்பொண்ணு.

"என்னக்கா பண்றீங்க?"

"பாத்தாத் தெரியலையா? பூத்தொடுக்குறேன்."

ஆர்த்திகா சிரித்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, எதற்கு இந்த ஓட்டை என்று கேட்டாள்.

"இந்தப் பேரு போட்ட மிச்ச மூடி வெளிய போயி, எவனாச்சும் கண்ட கருமத்தை அடைச்சு வித்துட்டான்னு வையி. வாங்குற வெளிநாட்டுக்காரன் கம்பெனியை உண்டு இல்லைன்னு ஆக்கிருவானாம். அதான் ஓட்டை."

இவ்வளவுதானா என்று இருந்தது ஆர்த்திகாவுக்கு. காரணம் தெரிந்துவிட்டது, மூடி கிடைக்கப்போவதில்லை. எழுந்திருக்கப் போனவள், அடுத்த சாக்கிலிருந்து தங்கப்பொண்ணு எடுத்த மூடியைப் பார்த்தாள். தங்க நிறம். மேலே ஒரு எழுத்தும் இல்லை. டங்.

"அக்கா, இருங்க. இதுல பேரே இல்லையே. இதுக்கு எதுக்கு ஓட்டை?"

சுத்தியல் நின்றது. தங்கப்பொண்ணு மூடியைத் திருப்பிப் பார்த்தாள். சாக்குக்குள் பார்த்தாள். சாக்கு முழுக்க வெற்று மூடி.

"சாக்கைக் குடுத்தாங்க, போடச் சொன்னாங்க, போடுறேன்," என்றாள் கொஞ்சம் கடுப்பாக. பிறகு, "நீயே போயி ஸ்டோர்காரர்ட்டக் கேளு. நான் கேட்டா வாயி நீண்டுபோச்சும்பாரு."

ஸ்டோர்காரர் வந்து பார்த்தார். அச்சடிக்காத பழைய சரக்கு. ஆர்டர் வேறு அளவுக்கு மாறியதால் தேங்கிப்போனது என்றார். அது எப்படி இந்தச் சாக்குகளோடு வந்து சேர்ந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. ஆர்த்திகா பையிலிருந்த பாட்டிலை எடுத்து, ஒரு தங்க மூடியைத் திருகிக் காட்டினாள். 'கப்'பென்று பிடித்தது. தர முடியாது என்று சொல்ல அவர் ஒரு காரணம் தேடினார். கிடைக்கவில்லை. தகர விலைக்கே பில் போட்டுக் கொடுத்தார்.

மூடிகளைப் பையில் அள்ளும்போது தங்கப்பொண்ணு சொன்னாள்: "எனக்குச் சாக்குக் கணக்குக்குத்தேன் கூலி. ஓட்டை போடாத சாக்குக்கு எவன் குடுப்பான்? நல்லாக் கேள்வி கேட்ட போ."

மன்னிப்புக் கேட்டால் இன்னும் கேவலமாக இருக்கும் என்று ஆர்த்திகாவுக்குப் பட்டது. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை பாட்டில்கள் வந்துசேர்ந்தன. சனிக்கிழமை கொட்டகைக்கு வெளியே கருவேல விறகு மூட்டி, கல்யாண அண்டாவை ஏற்றினாள். பாட்டில் அடியில் முட்டி விரிசல் விடாமல் இருக்க, பழைய சேலையை மடித்து அண்டாவுக்குள் போட்டாள். தக்காளியைத் தோலுரித்து, கூழாக்கி, உப்பும் எலுமிச்சை உப்பும் போட்டுக் காய்ச்சி, சூடு குறையாமல் ஊற்றி மூடி, மறுபடியும் அண்டாவில் முக்கிக் கொதிக்கவிட்டாள். மாமியார் ஒச்சாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள்.

"என்னடி, புள்ளைகளைக் குளிப்பாட்டுற மாதிரி பாட்டிலைக் குளிப்பாட்டுற?"

"கிருமி சாகணும் அத்தை."

"நம்ம வீட்டுல இல்லாத கிருமி பாட்டிலுக்குள்ள வந்துருச்சாக்கும்."

பொழுது சாய அத்தனையும் முடிந்தது. அடுப்படியில் வரிசையாகச் சிவப்பு. கடைசியாக எடுத்த ஒரு பாட்டிலுக்கு இடமில்லாமல், அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாள். பிறகு பால் ஊற்ற சொசைட்டிக்குப் போனாள். வந்து படுத்தவளுக்கு உடம்பு அடித்துப் போட்டது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சிவபாண்டி குத்தவைத்து உட்கார்ந்து முதல் மூடியை அமுக்கினான். 'டிக்' என்றது. இரண்டாவதை அமுக்கினான். 'டிக்.' வரிசை முழுக்க டிக், டிக், டிக்.

"என்ன புள்ள, எல்லாம் அசையுது?"

ஆர்த்திகாவுக்கு முகம் செத்துவிட்டது. அவளும் அமுக்கிப் பார்த்தாள். சிவபாண்டி எழுந்து வேட்டியைத் தட்டினான். "சரி விடு. டிராக்டர் வந்துட்டுப் போகட்டும்," என்றான். கிண்டல்கூடச் செய்யவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

டிரம்முக்குப் பின்னால் இருந்த பாட்டில் நினைவுக்கு வந்தது. எடுத்து அமுக்கினாள். அசையவில்லை. கட்டைவிரலால் அழுத்தினாள். கல் மாதிரி இருந்தது. நடுவில் குழிந்து, தன்னைத்தானே உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரே அண்டா, ஒரே மூடி, ஒரே தக்காளி. இது மட்டும் எப்படி? மற்ற மூடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். விளிம்பில் கீறல். சிலவற்றில் லேசான நெளிவு. கீறல் எல்லாம் ஒரே மாதிரி, எதையோ விட்டு நெம்பியது போல.

"அத்தை, இதை யாராச்சும் திறந்தீங்களா?"

"நாந்தேன்," என்றாள் ஒச்சாயி, காப்பி ஆற்றிக்கொண்டே. "கொதிக்கக் கொதிக்க மூடி வச்சிருக்க. வேர்த்துத் தண்ணி விட்டுப் புளிச்சுப் போகாதா? ஊறுகாயை எவளாச்சும் சூட்டோட மூடுவாளா? நீ பால் ஊத்தப் போனப்ப எல்லாத்தையும் திறந்து, துணி போட்டு ஆறவச்சு, அப்புறம் மூடுனேன். உங்க வேலையை நாந்தேன் பாக்க வேண்டியிருக்கு."

"அத்தை!"

"என்னடி கத்துற? சும்மாவா திறந்துச்சு? ஒவ்வொண்ணும் எமன் மாதிரி புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. கரண்டிக்காம்பை விட்டு நெம்புனேன். நெம்பி நெம்பி மணிக்கட்டே விட்டுப்போச்சு. தைலம் எங்கடி வச்சிருக்க?"

கிளம்பப் போன சிவபாண்டி நின்றான். "அம்புட்டுமா புடிச்சிருந்துச்சு?"

"அம்புட்டும். ஒண்ணு விடாம."

அவன் ஆர்த்திகாவின் கையிலிருந்த பாட்டிலை வாங்கினான். உரமூட்டையை ஒற்றைத் தோளில் ஏற்றுகிற ஆள். மூடியைத் திருகினான். நகரவில்லை. துண்டைச் சுற்றிப் பிடித்து, பல்லைக் கடித்துத் திருகினான். கழுத்து நரம்பு புடைத்தது.

"கரண்டிய விடுடா, வெண்ணெ," என்றாள் ஒச்சாயி.

அவன் பாட்டிலைத் திறக்காமலே கீழே வைத்தான். போனை எடுத்து டிராக்டர்காரரைக் கூப்பிட்டான். "அண்ணே, நாளைக்கு வேண்டாம்ணே. இல்லண்ணே, காய் கெடக்கு, பறிக்கணும். ஒரு வாரம் போகட்டும்."

"பறிக்க ஆளு?" என்றாள் ஒச்சாயி.

"நீதேன்."

"எனக்குத்தேன் மணிக்கட்டு போச்சே!"

ஆர்த்திகா அதற்குள் அண்டாவில் தண்ணீரை ஊற்றியிருந்தாள். ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து மோந்து பார்த்து, கூழைத் திரும்பப் பானையில் கொட்டினாள். கீறல் விழுந்த மூடிகளைத் தனியாக எறிந்தாள். பையில் மிச்சம் இருந்த புது மூடிகள் போதும் போலத்தான் இருந்தது. போதாவிட்டால் மறுபடியும் கொட்டாம்பட்டி போக வேண்டும்; தங்கப்பொண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும். விறகைத் தள்ளி நெருப்பை ஊதினாள்.