காமாலைக்குச் சீந்தில்

பெங்களூரு தொம்மலூரில் எங்கள் தெருக்காரர்கள் பால் வாங்கப் போகும்போதே சீந்தில் தண்டும் வெட்டிக்கொண்டு வருவார்கள். பக்கத்து வீட்டு ராதாக்காவின் காம்பவுண்டுச் சுவரில் படர்ந்திருக்கும் கொடி. தெருவில் அதற்குக் கன்னடப் பெயர்தான், அம்ருதபள்ளி. காய்ச்சல், சர்க்கரை, மூட்டுவலி, காமாலை, எது வந்தாலும் அதுதான். கொரோனா வந்த வருடத்திலிருந்து என் அப்பா கோதண்டராமன் அதன் கஷாயத்தை ஒரு நாளும் விட்டதில்லை.

இந்த மழைக்காலத்தில் அவர் கண்கள் மஞ்சளாயின. உடனே கஷாயத்தை இரண்டு டம்ளராக்கினார். காமாலைக்கு அதுதானே மருந்து.

வைட்ஃபீல்டில் மருந்துகளின் பக்கவிளைவுகளை ஆராயும் கம்பெனியில் எனக்கு வேலை. சீந்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு மட்டும், விழித்துக்கொண்ட அந்தச் சக்தி சொந்த ஈரலையே தாக்கும். காவல்காரன் தூக்கக் கலக்கத்தில் வீட்டுக்காரரையே அடிப்பது போல என்று அப்பாவிடம் சொன்னேன்.

"உங்க கம்பெனி மாத்திரை மட்டும் ரொம்ப யோக்கியமா?" என்றார்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கஷாயத்தை நிறுத்தி ஸ்டீராய்டு கொடுத்தார்கள். மஞ்சள் மெல்ல இறங்கியது. வீடு திரும்பும் நாளில்தான் அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"காபின்னு சொல்லி ஃப்ளாஸ்க்ல நான்தான் கஷாயம் கொண்டு போய்க் குடுத்தேன். அப்புறம்தான் கண்ணு வெளுத்துச்சு."

"அது மாத்திரையால வெளுத்ததும்மா."

"மாத்திரை மொத நாள்லேர்ந்து குடுத்தாங்களே. அப்பவே ஏன் வெளுக்கல?"

ஸ்டீராய்டு வேலை காட்டச் சில நாளாகும் என்று எனக்குத் தெரியும். அவள் முகத்தின் நிம்மதியைப் பார்த்து, ஃப்ளாஸ்க்கை மட்டும் வாங்கிப் பையில் வைத்தேன்.

மாலையில் ராதாக்கா செய்தித்தாளில் சுற்றிய தண்டுகளோடு வந்தார். "நோடு, பாரு லாவண்யா, நான் சொன்னேன்ல?"

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தினால் ஆபத்து என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா நிறுத்திவிட்டார். எது வேலை செய்ததோ அது போதும் என்றார். டாக்டரையே ஃபோனில் பேச வைத்தேன். "சரிங்க டாக்டர், சரிங்க" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். என் எதிரில் மாத்திரையை வாயில் போட்டார். சற்று நேரம் கழித்து வாஷ்பேசினில் அது பாதி கரைந்து கிடந்தது.

இப்போது ஆஃபீஸ் ஷட்டில் பஸ் வருவதற்கு முன்னால் அவரை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திக் கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறேன். குழந்தை மாதிரி அசையாமல் நிற்கிறார்.

"வெள்ளையா இருக்கா?"

"இன்னைக்கு வெள்ளையாத்தான்பா இருக்கு."

"அப்புறம் என்ன?" என்று கஷாய டம்ளரை எடுத்துக்கொள்கிறார்.